மயில்கண் வேட்டியோடு ஓடிய மான்

கல்யாணமாகி நான் குடிவந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் காடு. சென்னை நகரத்துக்குள்ளேயே, அடையாறு டிப்போவிலிருந்து பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் காடு. என் கணவர் வேலை பார்த்த கல்லூரியின் வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டி இருந்தது. ஆசிரியர் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்தது தரைத்தள வீடு. கொல்லையில் ஒரு வேப்பமரம், ஒரு துவைக்கிற கல், அதற்கு அப்பால் முள்ளும் பனையும் புதரும். மற்ற ஊர்களில் தெருவில் மாடு நிற்பதுபோல எங்கள் தெருவில் புள்ளிமான்கள் நின்றன. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் நாலு ஜோடிக் கண்கள் என்னைப் பார்க்கும். முதல் இரண்டு மாதம் நான் கரூருக்கு எழுதிய கடிதங்களில் மானைத் தவிர வேறு விஷயமே இல்லை. மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி எழுதக்கூடாதா என்று அம்மா பதில் போட்டிருந்தாள்.

இரண்டாவது வருடக் கோடையில் என் மாமியார் எங்களோடு வந்து தங்கினார். அவர் இருந்தது மயிலாப்பூரில், கோவில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். அந்த வருடம் குளமும் வற்றி, கிணறும் வற்றி, தெருவே லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. "இந்த வயசில குடத்தைத் தூக்கிண்டு லாரி பின்னாடி ஓட முடியாதுடிம்மா" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். ஆனால் அவர் ஓடியிருந்தால் அந்தத் தெருவில் அவரை யாரும் முந்தியிருக்க முடியாது. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கும்போதுகூட லெஃப்ட் ரைட் போடுவதுபோலத்தான் இருக்கும். கழுத்தில் தாலிச் சரடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புக் கயிறும், அதில் ஒரு விசிலும் தொங்கின. ஏன் இன்னும் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கழட்டினா கழுத்து லேசா இருக்கு, பிடிக்கல" என்றார்.

வந்த முதல் வாரத்திலேயே மான்களோடு அவருக்கு ஆகவில்லை. மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த துளசித் தொட்டியை ஒரு பெண்மான் ஐந்து நிமிடத்தில் மொட்டையாக்கிவிட்டுப் போனது. "இது என்ன, வீடா, ஜூவா?" என்றார். என் கணவர், "நாமதாம்மா அதோட வீட்டுக்கு வந்திருக்கோம்" என்றார். "அப்போ வாடகையை அதுகிட்டயே குடு" என்று பதில் வந்தது.

அவரது பெட்டியின் அடியில் மாமனாரின் மயில்கண் வேட்டி ஒன்று இருந்தது. நான் அந்த வீட்டு மருமகளாக வருவதற்கு முன்பே மாமனார் காலமாகிவிட்டார். வருடத்துக்கு ஒரு முறை அந்த வேட்டியை வெளியே எடுத்து, தன் கையாலேயே அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து வைப்பார் மாமியார். அந்த வருடம் எங்கள் வீட்டில் அலசினார். வேப்ப மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நான் கட்டியிருந்த மஞ்சள் நைலான் கொடியில் போட்டுவிட்டு, சாயங்காலம் எடுக்க மறந்துபோனார். அன்றைக்கு டிவியில் டென்னிஸ் ஃபைனல். காலையில் பார்த்தால் வேட்டியும் இல்லை, கொடியும் இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது.

"திருடன்தான். வேற எதையும் தொடல பார், நல்ல வேட்டியாப் பார்த்து எடுத்துண்டு போயிருக்கான்" என்று மாமியார் செக்யூரிட்டியிடம் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மாமி! மாமி! உங்க வேட்டி கீதே, அத்த ஒரு மான் கட்டிக்கினு போவுது!"

"என்னப்பா உளர்றே?"

"உளறல மாமி, கண்ணால பார்த்தேன். தண்ணி டாங்க் பின்னாடி நிக்குது. வந்து பாருங்க. நம்ம சீஃப் மினிஸ்டர் ஃபங்ஷனுக்கு வந்தவரு மாதிரி கீது!"

போய்ப் பார்த்தோம். பெரிய ஆண்மான் அது. மும்மூன்று கிளையாக விரிந்த கொம்பு. அதில் என் மஞ்சள் கயிறு பத்துச் சுற்றாவது சுற்றியிருந்தது. வேட்டியில் பாதி தலைப்பாகை மாதிரி இரண்டு கொம்புக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. மீதிப் பாதி முதுகில் வழிந்து தரையில் புரண்டது. காலை வெயிலில் மயில்கண் கரை பளபளத்தது. அதற்குள் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை அழைப்பு என்றார் ஒருவர். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. தன் கணவரின் வேட்டி மண்ணில் புரள்வதைப் பார்த்ததும் முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். "நில்லு!"

மான் வெருண்டு பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அதன் பின்னங்கால் வேட்டியை மிதித்தது. தலை பின்பக்கம் வெட்டி இழுபட, முன்னங்கால் மடங்கி அப்படியே விழுந்தது. எழுந்தது. மறுபடி மிதித்தது, மறுபடி விழுந்தது. பிறகு எப்படியோ புதருக்குள் போய் மறைந்தது. அது விழுந்து எழுந்த அந்தக் கணத்தில் ஒன்றைப் பார்த்தேன். கயிற்றின் ஒரு சுற்று கொம்பிலிருந்து இறங்கித் தாடைக்கு அடியில் போய் இறுகியிருந்தது. மானால் வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை.

மாமியார் விசிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, "நான் ஊதியிருக்கப்படாது" என்று மட்டும் சொன்னார். "நான் கொடியைத் தொய்வா கட்டியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

நான் நந்தனத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். கோடை விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தேன். வளாகத்து எஸ்டிடி பூத்திலிருந்து வனத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். "மான் வேட்டி கட்டியிருக்கு" என்று ஆரம்பித்ததால் முதலில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை கயிறு, தாடை என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் ஒரு வனக்காவலர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயது இருக்கும். கொல்லையில் நின்று ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு அடுத்தடுத்த வீட்டுக் கொல்லைகளைப் பார்த்தார். எல்லா வீட்டிலும் கொடி. எல்லாம் இடுப்பு உயரத்தில்.

"இந்த சீசன்ல கிடாவுக்குக் கொம்பு கெட்டியா இருக்கும்மா. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடறதுக்கு முன்னாடி, புதர்ல, கொடியில எல்லாம் முட்டி முட்டிப் பாக்கும். அதுக்குச் செடிக்கொடியும் ஒண்ணுதான், உங்க துணிக்கொடியும் ஒண்ணுதான். போன வருஷம் ஒண்ணு ஷட்டில்காக் நெட்ல மாட்டிக்கிச்சு."

"அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தாம்மா சொன்னாங்க" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

மத்தியானம் கால்நடை மருத்துவர் ஒருவரும் வந்தார். குட்டையான, சின்ன வயதுப் பெண். ஆண்கள் சட்டை மாதிரி ஒன்றைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார். மயக்க ஊசி போட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். இந்த வெயிலில் அது ஆபத்து என்றார் டாக்டர். ஊசி பட்டதும் மான் ஓடும், புதருக்குள் எங்கேயாவது போய் விழும், நாம் தேடிப் பிடிப்பதற்குள் உடம்பு கொதித்துப் போய்விடும். துரத்திப் பிடிப்பது அதைவிட மோசம். பயந்தே செத்துப்போகிற பிராணி அது. "தானா ஒரு இடத்துக்குள்ள வரணும். வந்ததும் கதவை மூடணும். அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சு வெளிய விட்டுடணும்."

வனக்காவலர் அந்த இடத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு எதிரே ஒரு பழைய டென்னிஸ் மைதானம். ஒழுகுகிற ஒரு குழாய் அதன் வெளியே இருந்தது. காட்டுக்குள் இருந்த தொட்டிகள் வற்றிவிட்டதால் மான்கள் விடிகாலையில் அங்கேதான் தண்ணீருக்கு வந்தன. குழாயை அடைத்துவிட்டு மைதானத்துக்குள் தொட்டியில் தண்ணீர் வைத்தால் உள்ளே வரும். ஒரே ஒரு சிக்கல் என்றார் டாக்டர். சுற்றிலும் கம்பி வலை. பயந்த மானுக்குக் கம்பி வலை கண்ணில் படாது. அப்பால் தெரிகிற மரத்தைப் பார்த்துப் பாய்ந்து, கழுத்தை முறித்துக்கொள்ளும்.

"சுத்தி மறைச்சுட்டா சுவர்னு நெனச்சு நிக்கும். சாக்குப்படுதாவுக்குச் சொல்லணும். அது வர்றதுக்கு ஒரு வாரமாவது ஆகும்" என்றார் டாக்டர். "அவ்வளவு நாள் அது சாப்பிடாம தாங்காது."

மாமியார் அதுவரை வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "புடவை போறுமா?" என்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். "எத்தனை புடவை கிடைக்கும்?"

"எத்தனை வேணும்னு சொல்லுங்கோ."

அன்று மாலை மாமியார் தலைவாரி, பொட்டு வைத்து, கொலுவுக்கு அழைக்கப் போகிறவர் மாதிரி குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். நான் பின்னால் துணிமூட்டையோடு போனேன். எல்லா வீட்டு பீரோவின் அடித்தட்டும் திறந்தது. எழுபதுகளில் எல்லோரும் கட்டிய நைலக்ஸ், சாயம் போன சுங்குடி, இஸ்திரிபோட்டு ஓட்டை விழுந்த ஆர்கண்டி, "இது எங்க நாத்தனார் வாங்கிக் குடுத்தது, எனக்குப் பிடிக்கவே இல்ல" என்று மூன்று புடவை. ஒரு பேராசிரியரின் மனைவி பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நீட்டினார். "மான் ஜரிகையைத் திருப்பிப் பார்க்கப் போறதில்ல. அதை உள்ள வைங்கோ" என்றார் மாமியார். இரண்டாவது மாடியில் குடியிருந்த லேப் உதவியாளரின் மனைவி, ராயப்பேட்டைக்காரர், உருது கலந்த தமிழில், "சேலை எதுக்கு மாமி, பர்தா இருக்கு" என்று அப்படியே கழற்றிக் கொடுத்தது ஹாலில் தொங்கிய ஜன்னல் திரைகளை.

மறுநாள் காலை புடவை மூட்டைகளை இஸ்திரிக்காரரின் வண்டியில் ஏற்றினோம். அவர் விடவில்லை. "இன்னாம்மா, அப்டியேவா கட்டப் போறீங்க? சுருக்கமா இருந்தா காத்துல படபடன்னு அடிக்கும். மான் மெரண்டுடாது? அத்தினியும் ஒரு தேய் தேச்சுத் தரேன்." டாக்டர் அதைக் கேட்டு, "கரெக்ட்தான்" என்றார். அன்று முழுக்க வேறு யாருடைய துணியையும் தொடாமல் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு தேய்த்தார். கல்லூரி முதல்வர் வீட்டிலிருந்து ஆள் வந்து சட்டை எங்கே என்று கேட்டதற்கு, "இன்னிக்கு மானுக்குத்தான் டூட்டி" என்று பதில் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் மைதானம் சுற்றிலும் புடவை. கொடிகளில் இருந்த க்ளிப்புகள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. அடிப்பக்கம் தூக்காமல் இருக்கச் செங்கல் வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய குடும்பத்தில் சீமந்தம் நடக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அந்த மூன்று நாட்களில் குடியிருப்பு மாறிய மாதிரி எந்தப் பண்டிகைக்கும் மாறி நான் பார்த்ததில்லை. பையன்களும் பெண்களும் தெருவில் கிரிக்கெட் ஆடவில்லை. கோடை விடுமுறையில், யாரும் அடிக்காமல், அவர்களாகவே நிறுத்தினார்கள். ஸ்கூட்டர்களைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாய்கள்தான் பெரிய கவலை. வேட்டியை இழுத்துக்கொண்டு தடுமாறுகிற மானை நாய்க்கூட்டம் பார்த்தால் போதும். அந்த நாய்கள் எங்கள் தெருவை விட்டுப் போகாததற்குக் காரணம் நாங்கள்தான். மிச்சம் மீதியைக் கொல்லைப்பக்கம் கொட்டுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. மாமியார் அதற்கும் வழி செய்தார். எல்லா வீட்டு மிச்சமும் மூடிபோட்ட ஒரு வாளிக்குள் போக வேண்டும். காலையும் மாலையும் அவரே வந்து கொல்லையைப் பார்வையிட்டார். விசிலைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டதால் எல்லாம் கை ஜாடைதான். ஆள்காட்டி விரலை ஒரு முறை ஆட்டினால் ஒரு பருக்கை கிடக்கிறது என்று அர்த்தம். பேராசிரியர்கள் குனிந்து பொறுக்கினார்கள்.

முதல் நாள் விடிகாலையில் ஒரு மான்கூட வரவில்லை. இரண்டாம் நாள் மூன்று பெண்மான்கள் வந்தன. மைதான வாசலில் நின்று சுங்குடிப் புடவையை முகர்ந்து பார்த்தன. ஒன்று அதைக் கடித்தும் பார்த்தது. பிறகு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தன. ஆண்மான் தூரத்தில் நின்றது. மாடியிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. வேட்டி பழுப்பாகி, கிழிந்து, கந்தலாகத் தொங்கியது.

"போடா கண்ணா, உள்ள போ" என்று மாமியார் முணுமுணுத்தார். துளசியை மொட்டையடித்த ஜாதியை அவர் கண்ணா என்று கூப்பிட்டு அப்போதுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள், வெளிச்சம் நன்றாக வந்துவிட்ட பிறகு, அது வந்தது. பெண்மான்கள் குடித்துவிட்டுப் போய்விட்டன. வாசலில் நின்றது. ஒரு அடி வைத்தது. காதை நாலா பக்கமும் திருப்பியது. நான் மைதானத்துக்கு வெளியே, என் பழைய ஊதாப் புடவைக்குப் பின்னால், கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நேரம் சொல்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கதவு மூடியதிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் மெதுவான குரலில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு புடவைகளுக்கு நடுவே விரல் அகல இடைவெளி. அதன் வழியே மானின் கால்கள் தெரிந்தன. அவை என்னைத் தாண்டித் தொட்டியை நோக்கிப் போயின.

வனக்காவலர் மைதானக் கதவில் கட்டி வைத்திருந்த கயிற்றை இழுத்தார். கதவு மூடியது.

மான் ஒரு முறை சுற்றி ஓடியது. புடவைகளைப் பார்த்தது. டாக்டர் சொன்னபடியே, மோதவில்லை, திகைத்து நடுவில் நின்றது. வனத்துறை ஆட்கள் நாலு பேர் வலையோடு இரண்டு பக்கமும் வந்தார்கள். நான் "ஒண்ணு" என்பதற்குள் மான் வலையில் இருந்தது. டாக்டர் அதன் தலைப்பக்கம் மண்டியிட்டார். கண்ணைக் கட்ட ஒரு துணி கொண்டுவந்திருந்தார், அது அவசரத்தில் காலடியில் எங்கோ மாட்டிக்கொண்டது. கைக்கு எட்டியது மயில்கண் வேட்டிதான். அதையே இழுத்து மானின் கண்களை மூடினார். மூடியதும் அது அடங்கியது. ஒருவர் குடத்தால் அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினார்.

"ரெண்டு" என்றேன்.

நைலான் இறுகி, ஈரமாகி, மண் ஏறிக் கம்பி போல் ஆகியிருந்தது. வனக்காவலர் வளைந்த கத்தியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். தாடைக்கு அடியில் இருந்த சுற்றை டாக்டரே கத்தரித்தார். அது விட்டதும் மான் வாயைப் பெரிதாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். கொட்டாவி விடுவது மாதிரி இருந்தது.

"மூணு."

காயத்தில் மருந்து. "எல்லாரும் விலகுங்க" என்றார் டாக்டர். கதவு திறந்தது. வலை விலகியது. வேட்டி மட்டும் கண்ணில் இருந்தது. டாக்டர் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, மெல்ல உருவினார்.

நான் "நாலு" என்று சொல்ல வாயெடுத்தபோது அது எழுந்துவிட்டது. ஒரு கணம் அப்படியே நின்றது. தலையை இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. கொம்பு லேசாகிவிட்டதை நம்பாத மாதிரி. பிறகு பாய்ந்தது பாருங்கள், மைதானத்திலிருந்து தெரு, தெருவிலிருந்து புதர், மூன்றே தாவலில். ஒரு தடுமாற்றம் இல்லை.

சத்தம் போடக்கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. அதனால் மாடிகளில் நின்ற அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சத்தமில்லாமல் ஆட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது மூன்று மாடியிலும் கைகள், கைகள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. புதர் அசைவது நின்ற பிறகு வனக்காவலர் தலையசைத்தார். அதற்கப்புறம் எழுந்த சத்தம் காந்தி மண்டபம் சாலை வரை கேட்டிருக்கும். இஸ்திரிக்காரர் யாரோ ஒரு பேராசிரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார். என் கணவர் மாடியில் கேமராவோடு நின்றிருந்தார். முப்பத்தாறு படமும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். கழுவி வந்தபோது முப்பத்தாறிலும் புடவைதான் இருந்தது.

டாக்டர் வேட்டியை மடித்து மாமியாரிடம் கொண்டுவந்தார். கிழிசல், மண், ஒரு மூலையில் ரத்தம். "சாரிம்மா. இதை ஒண்ணும் பண்ண முடியாது."

மாமியார் அதை வாங்கிக் கரையைத் தடவிப் பார்த்தார். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "உயிரோட இருந்தப்போ அந்த மனுஷர் குளத்துக்கு அந்தப் பக்கம்கூட தனியாப் போனதில்ல. வேட்டியில ஒரு காப்பிச் சொட்டு விழுந்தா ரெண்டு நாள் பேசமாட்டார். போன அப்புறம் பாருங்கோ, காடெல்லாம் சுத்திட்டு வந்திருக்கார்." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தார். "நல்ல நூல் இது. மெத்துனு இருக்கும். அலசி வெச்சுக்கோங்கோ. அடுத்ததுக்குக் கண்ணைக் கட்ட ஆகும்."

டாக்டர் தயங்கினார். பிறகு வாங்கித் தன் பையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டோம். கொடியெல்லாம் மொட்டைமாடிக்குப் போக வேண்டும், தரைத்தளத்துக்காரர்களும் அங்கேதான் காயப்போட வேண்டும், ஷட்டில் ஆடி முடித்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும், மிச்சச் சோறு வெளியே கூடாது. மூன்று மாடி ஏறி இறங்கித் துணி உலர்த்தும் சிரமம் எனக்கும்தான். ஆனால் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவள் நான்.

எல்லோரும் உடனே திருந்திவிடவில்லை. இயற்பியல் பேராசிரியர் ஒருவருக்குத் தினமும் வலையை அவிழ்ப்பது வீண்வேலையாகத் தோன்றியது. ஆறு மணிக்கு ரவுண்டு வந்த மாமியார் வலை அப்படியே நிற்பதைப் பார்த்தார்.

"சார், வலை?"

"நாளைக்குக் காலையில மறுபடி ஆடத்தானே போறோம் மாமி."

"நாளைக்குக் காலையில மறுபடி பசிக்கத்தானே போறது, ராத்திரி தட்டை அலம்பாம வைப்பேளா?"

மாமியார் தானே வலையை அவிழ்த்து, பாய் மாதிரி சுருட்டி, அவர் கையில் கொடுத்தார். மறுநாள் ஆறு மணிக்கு அந்தப் பேராசிரியர் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார், காட்டுவதற்காக.

ஆகஸ்டில் மழை வந்தது. மயிலாப்பூர் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டார், பெட்டி கட்டவில்லை. அந்த மாதக் கடைசியில் வனக்காவலர் எங்களில் இருபது பேரைக் காட்டோரமாக அழைத்துப் போக அனுமதி வாங்கி வந்தார். மாட்டக்கூடியது எதுவானாலும் பொறுக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கொரு சாக்குப் பை. எத்தனை கிடைத்தது தெரியுமா? கேபிள் டிவி ஒயர், மாஞ்சா நூல், மூட்டை கட்டிய சணல், கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு. முள்மரம் ஒன்றில் முழு கேஸட்டின் நாடாவும் பிரிந்து, கறுப்பாக மினுங்கிக்கொண்டு ஆடியது. இஸ்திரிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்து, "எந்தப் படத்துப் பாட்டோ, வூட்ல போட்டுப் பாக்கறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு புல்வெளியின் ஓரத்தில் உட்கார்ந்தோம். மாமியார் எலுமிச்சை சாதம் பிசைந்து கொண்டுவந்திருந்தார். இலையைப் பிரித்த நேரத்தில் வனக்காவலர் கையை மட்டும் உயர்த்தினார். வெட்டவெளியின் மறுகோடியில் வெளிமான்கள். அதுவரை நான் அவற்றைப் பார்த்ததில்லை. அவை புள்ளிமான் மாதிரி தெருவுக்கு வருவதில்லை. முன்னால் ஒரு கறுப்புக் கிடா, முறுக்கிய கொம்பு, வெள்ளை வயிறு. பின்னால் ஏழெட்டுப் பெட்டைகள், இரண்டு குட்டிகள். எதற்கென்று தெரியவில்லை, திடீரென்று ஒரு பெட்டை நின்ற இடத்திலிருந்து ஆகாயத்தில் எழும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் துரத்தவில்லை. வரிசையாக எழும்பி எழும்பி அந்தப் பச்சைமேல் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் குட்டிக்கு அவ்வளவு உயரம் வரவில்லை. ஆனால் மற்றவை ஒரு தடவை குதித்த தூரத்துக்கு அது மூன்று தடவை குதித்தது.

"இன்னாம்மா இது, கால்ல ஸ்பிரிங் வச்ச மாதிரி கீது" என்று இஸ்திரிக்காரர் என் காதோரம் கிசுகிசுத்தார்.

எலுமிச்சை சாதம் என் கையிலேயே இருந்தது. மழை பொட்டுப்பொட்டாக இலையில் விழ ஆரம்பித்தது. யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மாமியார் புடவைத் தலைப்பால் பாத்திரத்தை மூடிக்கொண்டு, அந்தக் குட்டி கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்துவிட்டு, "நனைஞ்சா நனையட்டும், சாப்பிடுங்கோ" என்றார். நனைந்துகொண்டே சாப்பிட்டோம்.